கேதாரமும் வதரியும்: கார்வால் இமயத்துக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உத்தராகண்ட் மாநிலத்தின் மேற்குப் பகுதியான கார்வால் மலைநாடு தமிழ்ப் பக்தி இலக்கியத்துக்குப் புதிய இடமன்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே திருக்கேதாரத்தைப் பாடினார்கள் என்று பெரிய புராணம் சொல்கிறது. வைணவ மரபின் 108 திவ்ய தேசங்களில் மூன்று இந்த மலைச் சாலையிலேயே வரிசையாக வருகின்றன: தேவப்பிரயாகை என்னும் திருக்கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமட் எனக் கருதப்படும் திருப்பிரிதி, பத்ரிநாத் என்னும் திருவதரியாச்சிராமம். திருமங்கையாழ்வார் தம் வதரிப் பதிகத்தை ஓர் எச்சரிக்கையோடு தொடங்குகிறார். முதுமை முற்றிக் கோலைத் துணையாகப் பற்றி, முன்னடி பார்த்து வளைந்து, தள்ளாடி இளைத்துப்போவதற்கு முன்பாகவே வதரியை வணங்குவோம் என்பது அவர் அழைப்பு.

பணி ஓய்வு பெற்ற பின், பெண்ணுக்குத் திருமணம் முடிந்த பின் என்று நாம் தள்ளிப்போடுகிற யாத்திரை இது. தள்ளிப்போட்டுப் போகும்போது அதை ஆறே நாட்களில் முடித்துவிடவும் பார்க்கிறோம். நான் மூன்று முறை இந்தப் பாதையில் சென்றிருக்கிறேன். முதல் பயணம் அப்படி ஆறு நாட்களில் திட்டமிடப்பட்டுத் தவறாகவே முடிந்தது. மூன்றாவது பயணத்துக்குப் பதினான்கு நாட்கள் ஒதுக்கினோம், அதில் ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. இரண்டு பயணங்களிலும் சாலையும் மலையும் குளிரும் ஒன்றுதான், மாறியது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. பணத்தைவிட நாட்களைத் தாராளமாகச் செலவிடுங்கள் என்ற கணக்கில்தான் கீழே உள்ள ஒவ்வொரு கட்டமும் எழுதப்பட்டிருக்கிறது.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

கேதார்நாத், பத்ரிநாத் கோயில்கள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ திறக்கின்றன. கேதார்நாத் நடை திறக்கும் நாளை மகா சிவராத்திரியன்று உக்கிமட் ஓங்காரேசுவரர் கோயிலில் அறிவிக்கிறார்கள். பத்ரிநாத் நாளை வசந்த பஞ்சமியன்று நரேந்திரநகர் அரண்மனையில் அறிவிக்கிறார்கள். கேதார்நாத் நடை தீபாவளியை அடுத்த பாய் தூஜ் நாளில் சாத்தப்படும், பத்ரிநாத் நவம்பரில் மேலும் சில நாட்கள் திறந்திருக்கும்.

பள்ளி விடுமுறை என்பதால் நம் குடும்பங்கள் மே, ஜூன் மாதங்களையே தேர்ந்தெடுக்கின்றன. வடநாடு முழுவதும் அதே மாதங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறது என்பதால் வரிசைகள் மணிக்கணக்கில் நீளும், தங்குமிட வாடகையும் உயரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை மலையைக் கரைக்கும். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தைச் சிதைத்த பெருவெள்ளம் மழைக்காலம் முன்கூட்டியே வந்ததால் நேர்ந்தது. பெருமழையும் உருகிய பனியும் சேர்ந்து கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரியை உடைத்தன. 2024 ஜூலை இறுதியிலும் கடும் மழை நடைபாதையைப் பல இடங்களில் அறுத்தது.

என் பரிந்துரை செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, அதாவது நம் புரட்டாசியின் பிற்பகுதி. வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், சிகரங்கள் காலை முழுவதும் மறையாமல் நிற்கும், கூட்டமும் குறைந்திருக்கும். கேதார்நாத்தில் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடும் என்பது ஒன்றே குறை, அதைக் கம்பளி கொண்டு சமாளிக்கலாம்.

குளிர்காலத்தில்தான் வர முடியும் என்பவர்களுக்கும் வழி உண்டு. அப்போது கேதாரநாதருக்கு உக்கிமட்டில் வழிபாடு நடக்கும். பத்ரிநாத்தின் உத்தவர், குபேரர் திருமேனிகள் பாண்டுகேசுவரத்துக்கும், ஆதிசங்கரர் பீடம் ஜோஷிமட் நரசிங்கர் கோயிலுக்கும் எழுந்தருளும். இந்த ஊர்கள் எல்லாம் சாலையோரத்தில் இருப்பதால், மலையேற முடியாத முதியவர்களை அழைத்துச் செல்ல இது நல்ல மாற்று.

இரண்டு மாதங்களுக்கு முன்பே: உடல்

நாள்தோறும் ஐந்து கி.மீ. நடையில் தொடங்கி, வாரம் ஒருமுறை முதுகில் பையுடன் பத்துப் பன்னிரண்டு கி.மீ. வரை உயர்த்துங்கள். சமதள நடை மட்டும் போதாது, அடுக்குமாடியின் படிகளில் ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலைப் பதம் பார்க்கும். பர்வதமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி ஏறிப் பழகியவர்களுக்குக் கால் பலம் இருக்கும். ஆனால் உடல் வலிமைக்கும் உயரத்தைத் தாங்கும் தன்மைக்கும் தொடர்பில்லை. வெள்ளியங்கிரியை ஓடி ஏறும் இளைஞனுக்குக் கேதார்நாத்தில் மூச்சு முட்டலாம், அவனுடைய பெரியம்மா நிதானமாக நடந்து நலமாக இருக்கலாம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, செல்லப்போகும் உயரத்தை மருத்துவரிடம் மீட்டர் கணக்கில் சொல்லுங்கள். உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் உயர நோயைத் தடுப்பதற்கான அசிட்டசோலமைடு மாத்திரையை அவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மருந்தை வெளிப்பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், உறைந்த இன்சுலின் பயன்படாது.

பதிவும் முன்பதிவும்

யாத்திரைப் பதிவு கட்டாயம். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் பதிவு இணையதளத்திலோ செயலியிலோ ஆதார் எண், பயணத் தேதி, செல்லும் தலங்கள் ஆகியவற்றைக் கொடுத்து இலவசமாகவே பதிவு செய்யலாம். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வைக்கப்படும் காலங்களில் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், ரயில் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பதிவின் நிலையைப் பார்த்துவிடுங்கள். ஹரித்வார், ரிஷிகேஷ் ஊர்களில் நேரடிப் பதிவு மையங்களும் இருக்கின்றன, ஆனால் கூட்டக் காலத்தில் அவற்றை நம்பிப் புறப்பட வேண்டாம். கியூ.ஆர். குறியீடு உள்ள பதிவுச் சீட்டைத் தாளில் இரண்டு படிகள் எடுத்துக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடியில் கைபேசியின் மின்கலம் தீர்ந்து நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

கேதார்நாத் ஹெலிகாப்டருக்கான பயணச்சீட்டு ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தில் விற்கப்படுகிறது. வேறு தளங்களில் விற்பதாகச் சொல்பவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள், இதில் மோசடி நிறைய. குப்தகாசி, ஃபாட்டா, சிர்சி ஆகிய இடங்களிலிருந்து சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அந்த வேகமே அதன் குறை, ஏனென்றால் உடம்பு உயரத்துக்குப் பழக ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. மூடுபனி இறங்கினால் சேவை நிற்கும், விபத்துகளும் நடந்திருக்கின்றன. நடக்க இயலாத பெற்றோருக்காக இதை நாட நேர்ந்தால், காலை முதல் சேவையைத் தேர்ந்தெடுத்து, தரிசனம் முடிந்ததும் அன்றே கீழே இறக்கிவிடுவது நல்லது.

தங்குவதற்குக் கார்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் அரசு நிறுவனத்தின் விடுதிகள் ஏறக்குறைய எல்லா முக்கிய இடங்களிலும் உள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். எளிமையானவை, ஆனால் இருக்கும் இடம் நன்றாக இருக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

துணியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்குப் பழகிய பருத்தி பனியன் ஏற்றத்தில் வியர்வையில் ஊறி, நின்ற ஐந்தாவது நிமிடத்தில் பனிக்கட்டிபோல் முதுகில் ஒட்டும். உள்ளே விரைவில் உலரும் செயற்கை இழை பனியன், அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலாடை என்று மூன்று அடுக்காக அணியுங்கள். பெண்கள் புடவைக்குப் பதில் சுடிதார் அணிந்தால் ஈரப் படிகளில் இடறாது. கடைவீதியில் விற்கும் மெல்லிய பாலித்தீன் மழைக்கோட்டு முதல் காற்றிலேயே கிழியும், ஊரிலிருந்தே நல்லதொன்றை வாங்கிச் செல்லுங்கள்.

காலணி அரை அளவு பெரிதாகவும் ஒரு மாதமாவது நடந்து பழகியதாகவும் இருக்க வேண்டும். இறக்கத்தில் கால்விரல்கள் முன்னே நெருக்குண்டு நகம் கறுப்பது புதுக் காலணிக்காரர்களுக்குத்தான். கம்பளிக் காலுறை மூன்று இணை, கையுறை, காதை மூடும் குல்லாய், தலையில் கட்டும் விளக்கு, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கான களிம்பு, உப்புச் சர்க்கரைப் பொடி, பாராசிட்டமால், அன்றாடம் உண்ணும் மருந்துகள் ஆகியவை போதும். ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள், மேலே ஏ.டி.எம். இயங்கும் என்று சொல்வதற்கில்லை. ஊன்றுகோலைச் சுமந்து செல்ல வேண்டாம், இரும்புப் பூண் போட்ட மூங்கில் கோல் கௌரிகுண்டத்தில் மலிவாகவே கிடைக்கும்.

ரிஷிகேஷ் வரை

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ ஒன்றரை நாளில் புதுடெல்லி சேர்க்கும், அங்கிருந்து ஹரித்வாருக்குப் பகல் ரயில்கள் பல. விமானத்தில் வருபவர்கள் டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையத்தில் இறங்கினால் ரிஷிகேஷ் அரை மணிப் பயணம்தான். எப்படி வந்தாலும் முதல் இரவை ஹரித்வாரிலோ ரிஷிகேஷிலோ கழியுங்கள். இரவு ரயிலில் தூங்காமல் வந்து நேராக மலைவண்டியில் ஏறுபவர்கள் முதல் வளைவுகளிலேயே வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடுகிறார்கள். ரிஷிகேஷ் யாத்திரைப் பேருந்து நிலையத்திலிருந்து அதிகாலையில் பேருந்துகளும் பங்கு ஜீப்புகளும் புறப்படும். நான்கைந்து பேர் இருந்தால் வாடகை வண்டி நல்லது. மலைச்சாலை பழகிய உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துங்கள். இரவில் ஓட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், யாத்திரைச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது.

மலைச்சாலையில் முதல் நாள்

ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் தேவப்பிரயாகை. அங்கே இறங்காமல் போங்கள் என்று சொன்னால் வியப்பீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அடுத்து வரும் ஸ்ரீநகர் காஷ்மீரத்து ஊர் அன்று, கார்வால் அரசர்களின் பழைய தலைநகர். அங்கு பகலுணவு முடித்துக்கொள்ளலாம். ஸ்ரீநகருக்கும் ருத்ரப்பிரயாகைக்கும் இடையில் உள்ள சிரோபகட் சரிவு மழைக்காலத்தில் அடிக்கடி சாலையை மூடும். ருத்ரப்பிரயாகையில் மந்தாகினி அலக்நந்தாவோடு கலக்கிறது. இடப்பக்கம் மந்தாகினியைப் பின்தொடர்ந்தால் கேதாரம், நேரே அலக்நந்தாவைப் பின்தொடர்ந்தால் வதரி.

முதலில் கேதாரம் செல்வதே மரபு. இரண்டு இரவுகள் குப்தகாசியில் தங்குங்கள். 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் விசுவநாதர் கோயிலும், இரண்டு தாரைகள் விழும் மணிகர்ணிகா குண்டமும் உள்ளன, பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் உக்கிமட் தெரியும். இடைப்பட்ட நாளில் சிவபார்வதி திருமணம் நடந்த தலமாகச் சொல்லப்படும் திரியுகிநாராயணத்துக்குச் சென்று வரலாம். அணையாமல் காக்கப்படும் வேள்வித் தீ அங்கே இருக்கிறது. உயரம் பழகவும் இந்த நாள் உதவும்.

உணவகங்களில் ராஜ்மா, சோறு, பராத்தா எங்கும் கிடைக்கும். கேட்டால் மண்டுவா ரொட்டி செய்து தருவார்கள். மண்டுவா என்பது நம் கேழ்வரகுதான். ஜங்கோரா என்று அவர்கள் பாயசம் வைப்பது நம் குதிரைவாலி. ஊர் உணவு ஒத்துக்கொள்ளாது என்று ஊறுகாய்ப் புட்டியோடு வந்த என் அத்தை, ஒரு வயதான கடைக்கார அம்மாளின் அடுப்படியில் கேழ்வரகு ரொட்டியைத் தட்டும் கையைப் பார்த்தவுடன் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் பொது மொழி இல்லை, ஆனாலும் மாவின் பதம் குறித்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டார்கள்.

கேதார்நாத் ஏற்றம்

விடியலுக்கு முன்பே சோன்பிரயாகைக்கு வந்துவிட வேண்டும். பதிவுச் சோதனை முடிந்து, அங்கிருந்து பங்கு ஜீப்பில் ஐந்து கி.மீ. சென்றால் கௌரிகுண்டம். சம்பந்தர் பாடிய அனேகதங்காவதம் இதுவே எனக் கருதுவோர் உண்டு. அங்கு சுமார் 2,000 மீட்டரில் தொடங்கும் நடை, கேதார்நாத்தில் 3,583 மீட்டரில் முடிகிறது. 2013 வெள்ளத்துக்கு முன் 14 கி.மீ. இருந்த பாதை இப்போது 16 கி.மீ.க்கும் அதிகம். வழக்கமான இளைப்பாறும் ஊராக இருந்த ராம்பாடா வெள்ளத்தில் முழுதும் அழிந்ததால், பாதை அந்த இடத்தருகே மந்தாகினியைக் கடந்து எதிர்மலையில் ஏறுகிறது.

ஜங்கிள் சட்டி வரை காடும் அருவிகளுமாக இருக்கும். பீம்பலியில் காலையுணவு கொள்ளுங்கள். பாலத்தைக் கடந்த பிறகு லின்சோலி வரையான ஏற்றமே மிகக் கடினம், மரங்களும் அதற்குப் பிறகு இல்லை. ஓசை எழாமல் மூக்கால் மூச்சுவிட முடிகிற வேகமே சரியான வேகம், வாயைத் திறந்தால்தான் மூச்சு வருகிறது என்றால் நீங்கள் விரைகிறீர்கள். அரை மணிக்கு ஒருமுறை நின்றபடியே இரண்டு மிடறு நீர் குடியுங்கள். உட்கார்ந்தால் தசை குளிர்ந்து இறுகிவிடும்.

கோவேறு கழுதைகள் வரும்போது எப்போதும் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் அவற்றின் சுமை தட்டியே விழ நேரிடும். கழுதையோ, நால்வர் தூக்கும் டண்டியோ, ஒருவர் முதுகில் கூடையாகச் சுமக்கும் கண்டியோ வேண்டுமென்றால் அரசு நிர்ணயக் கட்டண முகப்பில் சீட்டு எடுங்கள். கழுதையின் கால் நொண்டினாலோ முதுகில் புண் இருந்தாலோ வேறு கேளுங்கள். இந்தப் பாதையில் ஓய்வின்றி ஓட்டப்பட்டுச் செத்துப்போகும் விலங்குகள் பல. தரிசனத்துக்குப் போகிறவர்கள் அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

ஏறி முடிக்க ஏழு முதல் பத்து மணி நேரம் ஆகும். பிற்பகலில் மேகம் இறங்கும் என்பதால் காலை எட்டு மணிக்குப் பிறகு கௌரிகுண்டத்திலிருந்து புறப்பட வேண்டாம். நாட்கள் இருந்தால், கோயிலுக்கு நான்கைந்து கி.மீ. முன்னதாக உள்ள லின்சோலிக் கூடாரங்களில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை ஏறுங்கள். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

கோயிலை நெருங்கும் கடைசி வளைவில் கேதார சிகரம் 6,940 மீட்டர் உயரத்தில் பின்சுவர்போல் எழுந்து நிற்கும். கோயிலின் பின்புறம் பீமசிலை என்று வணங்கப்படும் பாறை இருக்கிறது. 2013 வெள்ளத்தில் உருண்டு வந்து, கோயிலுக்குச் சற்று பின்னால் நின்று, நீரை இருபக்கமும் பிரித்துவிட்டது. அந்தப் பாறையையும் கோயில் சுவரையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தால்தான் இடைவெளி எவ்வளவு குறைவு என்பது புரியும். கருவறையில் முக்கோணப் பாறை வடிவில் இறைவன். கூட்டம் குறைந்த காலங்களில் காலையில் பக்தர்களே நெய் பூசி வழிபடலாம். மாலையில் அலங்காரக் கோலத்தைத் தூரத்திலிருந்து மட்டும் காணலாம். இங்கு தலைமைப் பூசகரான ராவல் கர்நாடகத்து வீரசைவ மரபினர், பத்ரிநாத்தின் ராவல் கேரளத்து நம்பூதிரி. தென்னாட்டுக்கும் இம்மலைக்கும் உள்ள உறவு இன்றும் இப்படி நடைமுறையில் இருக்கிறது.

உயர நோய்: இந்தப் பகுதியை மட்டும் இருமுறை படியுங்கள்

கேதார்நாத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேற்ற மருத்துவத்தின் பொது விதி. குப்தகாசியில் தூங்கி எழுந்து மறுநாள் இரவு கேதார்நாத்தில் தூங்குபவர்கள் ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் தாண்டுகிறார்கள்.

எங்கள் முதல் பயணத்தில் அப்படித்தான் செய்தோம். அன்று மாலை என் சித்தப்பாவுக்குத் தலைவலி. களைப்பு என்று நினைத்தோம். இரவில் வாந்தி. குளிரால் என்று நினைத்தோம். காலையில் அவர் ஸ்வெட்டரின் பொத்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மீண்டும் அவிழ்த்து, மீண்டும் மாற்றியே போட்டார். அறைக்கு வெளியே நடக்கச் சொன்னபோது குடித்தவர்போல் சுவரைப் பிடித்தார். முகாம் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட நடக்க முடிகிறதா? முடியவில்லை. மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே அனுப்பினார். டண்டியில் சுமந்து இறக்க இறக்க அவர் தெளிந்தார். கௌரிகுண்டத்தில் தாமாகவே தேநீர் கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

எனவே தலைவலி மட்டும் இருந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள், ஓய்வெடுத்து நீர் அருந்துங்கள். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் இறங்குவதற்கு ஆயத்தமாகுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் சளி கொப்பளிக்கும் ஓசையோடு இருமல் வந்தாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவ முகாமின் உதவியோடு அப்போதே இறக்குங்கள். தரிசனம் ஆகவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் இந்த உயரத்தில் ஆகாதவை.

துங்கநாத், சந்திரசிலை

கேதாரத்திலிருந்து வதரிக்குச் செல்ல ருத்ரப்பிரயாகைக்குத் திரும்ப வேண்டியதில்லை. உக்கிமட், சோப்டா, கோபேசுவர் வழியாகச் சாமோலிக்குச் செல்லும் காட்டுச் சாலை இருக்கிறது. சோப்டாவில் ஒரு நாள் தங்கி, ஐந்து கேதாரங்களில் ஒன்றும் உலகின் மிக உயரத்தில் உள்ள சிவன் கோயிலாகச் சொல்லப்படுவதுமான துங்கநாத்துக்கு ஏறலாம். நான்கு கி.மீ.க்கும் குறைவான கல் பாவிய பாதைதான். கோயிலுக்கு மேலே இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் சந்திரசிலை என்னும் முகடு. மலையேற்றம் என்றால் என்னவென்று முதன்முதலாக அறிய விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான மலை எனக்குத் தெரியவில்லை. விடியலுக்கு வெகுமுன்பே தலைவிளக்கோடு கிளம்பினால் சூரிய உதயத்துக்கு முகட்டில் இருப்பீர்கள், நந்தாதேவி முதல் சௌகம்பா வரை சிகரங்கள் ஒவ்வொன்றாகச் செம்மை பெறும். மார்ச், ஏப்ரலில் வந்தால் புராண்ஷ் எனப்படும் செம்மலர் மரங்கள் காடெங்கும் பூத்திருக்கும், அந்தப் பூவின் சாற்றைக் கடைகளில் சர்பத்தாக விற்பார்கள்.

பத்ரிநாத், மாணா

சோப்டாவிலிருந்து இறங்கி பிப்பல்கோட்டியிலோ ஜோஷிமட்டிலோ தங்குங்கள். 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து வீடுகளில் விரிசல் விழுந்த ஊர் ஜோஷிமட், இப்போது அதன் அரசுப் பெயர் ஜோதிர்மட். பத்ரிநாத் வரை வண்டி செல்லும் என்பதால் இங்கே உடலுழைப்பு இல்லை. ஆனால் அங்கும் உயரம் 3,100 மீட்டர் என்பதை மறக்க வேண்டாம்.

தப்த குண்டத்தின் வெந்நீரில் முதலில் கையையும் காலையும் நனைத்துப் பழகிப் பிறகு மெதுவாக இறங்குங்கள். வயதானவர்கள் சில நிமிடங்களுக்கு மேல் இருந்தால் தலை சுற்றும். சாளக்கிராமத் திருமேனியாகப் பத்மாசனத்தில் அமர்ந்திருக்கும் பெருமாளை அணிகலன் இன்றிக் காண விரும்பினால் அதிகாலை அபிஷேகத்துக்குக் கோயில் குழுவின் இணையதளத்தில் முன்பதிவு செய்யுங்கள். பிரசாதமாகத் துளசியும் கடலைப்பருப்பும் தருவார்கள். முன்னோர்க்குப் பிண்டம் இடுபவர்கள் ஆற்றங்கரையிலுள்ள பிரம்மகபாலத்துக்குச் செல்வார்கள். மேகம் விலகும் விடியலில் நீலகண்ட சிகரம் கோயிலுக்குப் பின்னே பொன்னாக எரியும். அதற்காகவே ஓர் இரவு தங்குங்கள்.

மூன்று கி.மீ. அப்பால் எல்லையை ஒட்டிய மாணா கிராமம். வியாச குகையும், சரஸ்வதி ஆறு பாறையைப் பிளந்து பாயும் இடத்தில் ஒரே கல்லாலான பீமன் பாலமும் அங்கே உள்ளன. பாலத்துக்கு அப்பால் ஐந்தாறு கி.மீ. நடந்தால் 400 அடி உயரத்திலிருந்து விழும் வசுதாரா அருவி. கம்பளி பின்னும் மாணாப் பெண்களிடம் குல்லாய் வாங்கினால் பேரம் பேசாதீர்கள், அது அவர்களுக்கு ஆறு மாத உழைப்பின் வருவாய்.

நாட்கள் மிகுந்தால்: பூக்களின் பள்ளத்தாக்கு

பத்ரிநாத் சாலையில் உள்ள கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப், பிறகு பத்து கி.மீ. அளவு நடை, காங்கரியாவில் தங்கல். அங்கிருந்து ஒரு பாதை பூக்களின் பள்ளத்தாக்குக்கும், மற்றொன்று சீக்கியர்களின் ஹேம்குண்ட் சாகிபுக்கும் பிரிகிறது. 1931இல் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறி வழிதவறி இறங்கிய பிறகே வெளியுலகம் அறிந்த இப்பள்ளத்தாக்கு 1982இல் தேசியப் பூங்காவாகி, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருந்தாலும் பூக்கள் நிறைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான், அதாவது நிலச்சரிவு மிகுந்த அதே வாரங்களில். ஆகவே பூக்களுக்காக வருபவர்கள் அதைத் தனிப் பயணமாக வைத்து, இரண்டு நாட்களைச் சாலை அடைப்புக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கோயில் பயணத்தோடு சேர்த்தால் இரண்டும் கெடும். பள்ளத்தாக்கில் இரவு தங்க அனுமதி இல்லை.

நாட்கணக்கும் திரும்பும் வழியும்

ரிஷிகேஷில் ஒரு நாள், குப்தகாசிப் பயணமும் ஓய்வுமாக இரண்டு நாள், கேதார்நாத் ஏறி இறங்க மூன்று நாள், சோப்டாவில் இரண்டு, பத்ரிநாத் சென்று தங்க மூன்று, திரும்ப இரண்டு என்று பதின்மூன்று நாட்கள் ஆகின்றன. பதினான்காவது நாளை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். பத்ரிநாத் சாலையில் லாம்பகட் போன்ற இடங்களில் ஒரு கல் விழுந்தாலே அரை நாள் நிற்க நேரும். அந்த நாள் மிஞ்சினால் ரிஷிகேஷுக்கு அருகில் சிவபுரியிலிருந்து கங்கையில் ரப்பர்ப் படகு விடலாம், மழைக்காலத்தில் மட்டும் அது நிறுத்தப்படும். உயிர்காப்பு அங்கியின் வார்கள் அனைத்தும் இறுகியிருக்கின்றனவா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.

தேவப்பிரயாகையைப் போகும்போது விட்டுவிடச் சொன்னதன் காரணம் இதுதான். கேதாரத்திலிருந்து இறங்கும் மந்தாகினி ருத்ரப்பிரயாகையில் அலக்நந்தாவோடு சேர்ந்துவிடுகிறது, அந்த அலக்நந்தா வதரியைத் தொட்டு வருவது. இரண்டு தலங்களின் நீரும் ஒன்றாகி வந்து, இங்கே பாகீரதியோடு கலந்து கங்கை என்ற பெயர் பெறுகிறது. சாலையில் வண்டியை நிறுத்தி, தொங்குபாலத்தைக் கடந்து, ரகுநாதர் கோயிலில் பெரியாழ்வார் பாடிய பெருமாளைச் சேவித்துவிட்டு, படிகளில் இறங்குங்கள். ஒரு பக்கம் பாகீரதி வெண்ணுரையோடு இரைந்து வரும், மறுபக்கம் அலக்நந்தா ஓசை அடங்கி வரும், இரண்டின் நிறமும் சந்திக்கும் கோடு கண்ணுக்குத் தெரியும். கடைசிப் படிகள் பாசி பிடித்தவை, ஆற்றின் இழுப்பும் கடுமை. கரையில் பிணைத்திருக்கும் இரும்புச் சங்கிலியை ஒரு கையால் விடாமல் பற்றிக்கொண்டு, மறு கையால் செம்பை நிரப்புங்கள்.